பல்லுக்கு ஓர் அணை



சென்ற கோடையில், திருவரங்கத்தருகே காவிரி மணலில் நம் இளைஞர்க்குச் சடுகுடுப் போட்டி நடத்தினோம். ஆட்ட வேகத்தில் ஒருவனது முழங்கால் மோதியதில், பதினான்கு வயதுச் சிறுவன் தன் முன்பல்லை இழந்தான். ஏற்பாடு செய்தவன் நான். கோப்பைக்குப் பணம் திரட்டினேனேயன்றிப் பற்களை நினைத்தேனில்லை. அவன் தாய் சினந்து பேசவில்லை. “இதைத் தடுக்க வழியே இல்லையா, சாமி?” என்று மட்டும் கேட்டார். அதற்கு விடை தேடினேன்.

வழி உண்டு. ‘மவுத் கார்டு’ எனப்படும் பற்காப்பே அது. 1890-இல் இலண்டன் பல் மருத்துவர் உல்ஃப் கிரவுஸ், குத்துச்சண்டை வீரர்க்கென இதனை மரப்பாலினால் செய்தார். இன்று மென்மையான பிளாஸ்டிக்கில் செய்து, மேற்பல் வரிசையில் அணிகின்றனர்.

அது எவ்வாறு காக்கிறது? முக்கொம்பை நினைத்துப் பாருங்கள். பெருவெள்ளம் காவிரி ஒன்றையே தாக்காதபடி, 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை அதனைக் கொள்ளிடத்திற்குப் பிரித்துவிட்டது. பற்காப்பும் அவ்வாறே ஒரு பல்லின்மேல் விழும் அடியைப் பல பற்களுக்கும் பகிர்கின்றது. ஒரு பகுதியைத் தானே ஏற்கின்றது. உதடு பற்களிற் பட்டுக் கிழியாமலும் தடுக்கின்றது.

பயன் எவ்வளவு? பற்காப்பு அணியாதோர்க்கு வாய், முகக் காயம் நேரும் வாய்ப்பு, அணிந்தோரைவிட 1.6 முதல் 1.9 மடங்கு எனப் பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் கணித்தனர். நியூசிலாந்து நாட்டு ரக்பி ஆட்டத்தில் இதனைக் கட்டாயமாக்கியபின், 1995-க்கும் 2003-க்கும் இடையே பற்காயத்திற்கான இழப்பீட்டுக் கோரிக்கைகள் 43 விழுக்காடு குறைந்தன.

ஆயினும் முழுக்காப்பு அன்று. 2018 ஆகஸ்டில் வெள்ளம் மேலணையின் ஒன்பது மதகுகளையே அடித்துச் சென்றதன்றோ! பேரடிக்குப் பற்காப்பும் தோற்கக்கூடும். மூளை அதிர்ச்சியை அது தடுக்கும் என்பதும் உறுதிப்படவில்லை.

பொருத்தமே முதன்மை. கடையில் வாங்கி அப்படியே மாட்டுவது தளர்ந்திருக்கும். மூச்சடக்கிப் பாடி ஆட இயலாமல் சிறுவர் கழற்றி எறிவர். வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பதிப்பது அதனினும் நன்று. பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்வதே சிறந்தது. வளரும் பிள்ளைக்குப் பற்கள் மாறுவதால் அவ்வப்போது புதிதாக்க வேண்டும்.

இன்னொன்றும் அறிக. அச்சிறுவனின் பல்லை நாங்கள் தாளில் மடித்து வைத்தோம், அது தவறு. பாற்பல்லன்றி நிலைப்பல் விழுந்தால், வேரைத் தொடாது எடுத்துப் பாலில் இட்டு, அரைமணிக்குள் பல் மருத்துவரிடம் விரையுங்கள். மீண்டும் பதியக்கூடும்.

பல் போனால் சொல் போகும் என்பர். அத்தாயின் சொல் என்னை விட்டு அகலவில்லை. வரும் கோடையில் கோப்பை சிறிதாக இருக்கும். ஆடும் பிள்ளைகள் ஒவ்வொருவர் வாயிலும் பற்காப்பு இருக்கும்.