‘போதும்’ என்று சொல்ல ஆளில்லாத கூண்டு

2024 ஆகஸ்டில், கூண்டுக்குள் கலப்பு தற்காப்புக் கலைச் சண்டைகளை நடத்தும் யுஎஃப்சி நிறுவனத்தின் அபுதாபி போட்டியில் டோனி ஃபெர்குசன் முதல் சுற்றிலேயே மைக்கேல் கீசாவின் கழுத்துப்பிடியில் சிக்கித் தோற்றார். அது அவருடைய எட்டாவது தொடர் தோல்வி. பி.ஜே. பென் என்ற முன்னாள் சாம்பியனின் ஏழு தொடர் தோல்விகள்தான் அதுவரை யுஎஃப்சி வரலாற்றில் மிக மோசமான கணக்காக இருந்தது. அதை முறியடித்த ஃபெர்குசன் சாதாரண வீரர் அல்லர். 2013 முதல் 2019 வரை லைட்வெயிட் பிரிவில் தொடர்ந்து 12 வெற்றிகளைக் குவித்தவர். 2017-ல் இடைக்கால சாம்பியன் பட்டம் வென்றவர். அடம்பிடிக்கும் பிள்ளைகளை மிரட்ட மெக்சிகோ வீடுகளில் சொல்லப்படும் பூச்சாண்டியின் பெயரான ‘எல் குகுய்’ அவருடைய பட்டப்பெயர். அந்தப் பூச்சாண்டியைக் கண்டு யாரும் பயப்படாத நிலை எப்படி வந்தது என்பதற்கு ரசிகர்களும் வர்ணனையாளர்களும் இரண்டு காரணங்கள் சொல்கிறார்கள்: உடல்தகுதி போய்விட்டது, மனம் தளர்ந்துவிட்டது. இரண்டுமே வீரரின் தலையில் பழியைப் போடுகிற, மற்ற எல்லோருக்கும் வசதியான காரணங்கள். நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் இரண்டும் நிற்கவில்லை.

முதலில் மனம். 2020 டிசம்பரில் சார்லஸ் ஒலிவேரா முதல் சுற்றின் கடைசி நொடிகளில் ஃபெர்குசனின் கையை முழங்கை எதிர்ப்பக்கம் வளையும்வரை முறுக்கினார். பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட நேரத்தில்கூட ஃபெர்குசன் தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டவில்லை. மீதி இரண்டு சுற்றுகளையும் அந்தக் கையோடு முடித்தார். ஐந்து மாதம் கழித்து பெனீல் தரியூஷ் அவருடைய காலைப் பிடித்துத் திருகினார். வலியில் அலறினாரே தவிர அப்போதும் தட்டவில்லை. இப்படிப்பட்டவரிடம் மன உறுதி குறைந்துவிட்டது என்று எந்த அளவுகோலை வைத்துச் சொல்வது? அதே லைட்வெயிட் பிரிவு வீரர் கபீப் நுர்மகமதோவுடன் ஐந்து முறை அறிவிக்கப்பட்டு ஐந்து முறையும் நின்றுபோன போட்டிதான் அவரை உள்ளுக்குள் உடைத்துவிட்டது என்பாரும் உண்டு. அந்த ஏமாற்றம் உண்மையாக இருக்கலாம். ஆனால், அதிலிருந்து பிறந்திருக்க வேண்டிய தயக்கம் கூண்டுக்குள் தென்படவில்லை. தென்பட்டது எதிர்மாறானது: நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரியாத மனம்.

அடுத்து உடல்தகுதி. இந்த வாதத்தை ஃபெர்குசனே நம்பினார் என்பதுதான் சோகம். 2023 டிசம்பரில் பேடி பிம்ப்ளெட்டைச் சந்திப்பதற்கு முன், அமெரிக்கக் கடற்படையின் சீல் பிரிவில் இருந்தவரும் நெடுந்தூர ஓட்டக்காரருமான டேவிட் காகின்ஸிடம் போய்ச் சேர்ந்தார். மனித உடலின் எல்லையை மனத்தால் உடைக்கலாம் என்று உலகம் முழுவதும் பேசி வருபவர் காகின்ஸ். வாந்தி எடுக்கும் அளவுக்கு நடந்த அந்தப் பயிற்சியின் காணொளிகள் பரபரப்பாகப் பேசப்பட்டன. முடிவு என்ன? 39 வயது ஃபெர்குசன் 28 வயது பிம்ப்ளெட்டிடம் மூன்று சுற்றையும் இழந்தார். மூன்று நடுவர்களும் ஒரேபோல 30-27 என்று எழுதினார்கள். 15 நிமிடமும் அவர் தாக்குப்பிடித்தார், களைத்து விழவில்லை. நுரையீரலுக்குப் பயிற்சி கொடுக்கலாம். வருகிற குத்தைக் கண் பார்த்துத் தலை விலகும் அந்தக் கணநேர வேகத்தை எந்தக் கடும்பயிற்சியும் திருப்பித் தராது.

அந்த வேகம் எங்கே போனது என்பதற்கு விடை அவருடைய வரலாற்றிலேயே இருக்கிறது. 2018-ல் ஒரு தொலைக்காட்சி அரங்கில் கம்பி தடுக்கி விழுந்து முழங்கால் தசைநார் கிழிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறே மாதத்தில் கூண்டுக்குத் திரும்பினார். 2020 ஏப்ரலில் பெருந்தொற்றால் போட்டி ரத்தான பிறகும், சொன்ன நாளில் 155 பவுண்டு எடைக்கு உடலை வற்றவைத்துக் காட்டினார். மூன்று வாரம் கழித்து, மே 9 போட்டிக்காக அதே எடைக்கு மீண்டும் இறங்கினார். அன்று ஜஸ்டின் கேத்ஜி அவர்மீது நூற்றுக்கும் மேற்பட்ட கனத்த அடிகளை இறக்கிய பிறகே, ஐந்தாவது சுற்றில் நடுவர் குறுக்கிட்டார். எட்டுத் தோல்விகளின் தொடக்கம் அது. 2022 மே மாதம் மைக்கேல் சாண்ட்லரின் ஓர் உதை அவரை முகம் குப்புற, நினைவிழந்து விழச் செய்தது. நான்கே மாதத்தில் அடுத்த போட்டி; அதிலும் எடை பார்க்கும் நாளில் எதிராளி மாற்றப்பட்டு நேட் டயஸ் முன்னால் நிறுத்தப்பட்டார். சண்டை வீரர்களின் மூளையை 2011 முதல் லாஸ் வேகாஸில் ஆராய்ந்துவரும் கிளீவ்லாண்ட் கிளினிக் ஆய்வு, போட்டிகளின் எண்ணிக்கை கூடக்கூட மூளையின் சில பகுதிகள் சுருங்குவதையும் செயல்வேகம் குறைவதையும் பதிவு செய்திருக்கிறது. ஃபெர்குசனின் மூளை பாதிக்கப்பட்டிருக்கிறது என்று நாம் தீர்ப்பு எழுதவில்லை. அது மருத்துவர் சொல்ல வேண்டியது. ஆனால் வயதும் அடியும் சேர்ந்து எழுதிய கணக்கை மனப்பலவீனம் என்று வாசிப்பது தவறு.

இங்கேதான் உண்மையான கேள்வி எழுகிறது. ஒரு சண்டையை நிறுத்தும் அதிகாரம் மூன்று பேருக்கு உண்டு: நடுவர், மருத்துவர், வீரரின் பயிற்சியாளர். யுஎஃப்சியில் ஃபெர்குசனின் கடைசி இரண்டு வெற்றிகளே இதற்குச் சான்று. 2018-ல் கை உடைந்த அந்தோனி பெட்டிஸை மூன்றாவது சுற்றுக்கு அனுப்ப அவருடைய பயிற்சியாளர் மறுத்தார். 2019-ல் கண் வீங்கி மூடிப்போன டொனால்ட் செரோனியை மருத்துவர் தடுத்தார். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று வீரன் சொல்வதை நம்பக் கூடாது என்ற ஞானம் 15 நிமிடச் சண்டைக்குள் விதியாகவே இருக்கிறது. 15 ஆண்டு வாழ்க்கைக்கு மட்டும் அந்த விதி இல்லை. அங்கே பெரும்பாலும் முடிவெடுப்பவர் அடிபட்டவர் ஒருவரே. பக்கத்தில் நிற்பதோ அவர் பெயரை விளம்பரப் பலகையில் போட்டு நுழைவுச்சீட்டு விற்கும் நிறுவனம்.

வயது வந்தவரின் உரிமையில் தலையிட நீங்கள் யார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அமெரிக்காவில் சண்டை உரிமம் என்பதே அரசு ஆணையம் தருவது. ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை என்று ஏற்கெனவே அது தலையிடத்தான் செய்கிறது. ரேண்டி கூட்டூர் 43 வயதிலும், குளோவர் டெஷைரா 42 வயதிலும் சாம்பியன் ஆனார்களே என்றும் கேட்கலாம். வேகத்தைவிடப் பலமும் பிடியும் அதிகம் பேசும் கனத்த பிரிவுகளில் அவர்கள் வென்றார்கள். மேலும், வயதை மட்டும் வைத்துத் தடை போட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அந்த இருவரும் பரிசோதனையைத் தாண்டியிருக்கக்கூடும். ஓரிடத்தில் தடுத்தால் இன்னோரிடம் போய்ச் சண்டை போடுவார்கள் என்பது மூன்றாவது ஆட்சேபம். உண்மைதான். குத்துச்சண்டை வீரர் முகமது அலி 1981-ல் கடைசிச் சண்டைக்குப் பஹாமாஸ் போனார். 2010-ல் ஓய்வுபெற வைக்கப்பட்ட யுஎஃப்சி வீரர் சக் லிடெல், அந்த நிறுவனம் கைமாறிய பின் அங்கே பார்த்துவந்த வேலையும் போய், 2018-ல் 48 வயதில் வேறொரு நிறுவனத்தின் மேடையில் முதல் சுற்றிலேயே நினைவிழந்து விழுந்தார். ஆனால் அந்தச் சண்டைக்கு உரிமம் தந்தது கலிஃபோர்னியா ஆணையம். வேலியில் ஓட்டை இருக்கிறது என்றால் அதை அடைக்கத்தான் வேண்டும்.

லிடெலின் கதை இன்னொன்றையும் சொல்கிறது. வருமானத்துக்கு வழி இருந்தவரை அவர் கூண்டுக்குத் திரும்பவில்லை. யுஎஃப்சி வீரர்கள் ஊழியர்கள் அல்லர், ஒப்பந்தக்காரர்கள். ஓய்வூதியம் இல்லை, பேரம் பேசச் சங்கம் இல்லை. பல ஒப்பந்தங்களில் களமிறங்கினால் ஒரு தொகை, வென்றால் அதே அளவு இன்னொரு தொகை. தோற்பவர் பாதிக் கூலியோடு வீடு திரும்பி, அடுத்த முறை ஈடுகட்டிவிடலாம் என்று நினைப்பதை மனநிலைக் கோளாறு என்பதா, வயிற்றுப்பாடு என்பதா? கலப்பு தற்காப்புக் கலை வீரர்களுக்கான ஓய்வூதிய நிதியத்துக்கு கலிஃபோர்னியா 2023-ல் சட்டம் இயற்றியது நல்ல தொடக்கம். அது ஒரு மாநிலத்தோடு நின்றுவிடக் கூடாது. அதோடு, 35 வயதைத் தாண்டி மூன்று முறை தொடர்ந்து தோற்றவரும், அந்த வயதில் நினைவிழந்து விழுந்தவரும், நிறுவனத்தைச் சாராத நரம்பியல் மருத்துவர்களின் பரிசோதனையைத் தாண்டினால்தான் அடுத்த உரிமம் என்ற விதி எல்லா ஆணையங்களுக்கும் பொதுவாக வேண்டும். அவர்களுடைய இளவயதுப் பரிசோதனை முடிவுகளோடு ஒப்பிட்டே அந்த முடிவு எடுக்கப்பட வேண்டும். செலவை நிறுவனம் ஏற்கட்டும்.

இந்த விதி இருந்திருந்தால் 2021 மே மாதம் தரியூஷிடம் தோற்ற இரவோடு ஃபெர்குசன் கூண்டுக்குள் போவது நின்றிருக்கும், மருத்துவர்கள் சம்மதிக்கும்வரை. சாண்ட்லரின் உதை விழாமலே போயிருக்கலாம். தட்ட மறுக்கும் மனத்தை அரங்கம் எழுந்து நின்று கொண்டாடுகிறது. அதைக் காட்டித்தான் சீட்டு விற்கிறது. அந்த மனம் கொண்டவரிடமே ‘எப்போது நிறுத்துவாய்?’ என்று கேட்டுக்கொண்டிருப்பதில் பொருளில்லை. அவர் சார்பில் தட்ட ஒரு கை வேண்டும். அந்தக் கை உரிமம் தருகிறவர்களுடையதாக இருக்க வேண்டும்.