பிள்ளைக்கு விருப்பமானதிலிருந்து இங்கிலீஷ் தொடங்கட்டும்



நெடுநாளாக எழுத நினைத்த விசயம் இது. கொஞ்சம் நீளம்தான். வீட்டில் சின்ன வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் இருப்பவர்கள் கடைசிவரை வாசியுங்கள்.

பெற்றார் கூட்டம் வந்தால் ஒரு முறைப்பாடு தவறாமல் வரும். "டீச்சர், மூணாம் ஆண்டுல இருந்து இங்கிலீஷ் படிக்கிறான். ஒரு வசனம் ஒழுங்காச் சொல்லத் தெரியாது. இவனுக்கு மண்டையில ஏறுதில்ல." பிள்ளை பக்கத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு நிற்கும். பிறகு வீட்டார் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் காசு கட்டுவார்கள், அல்லது போனைக் கையில் கொடுத்து யூடியூப் பார்க்கச் சொல்வார்கள்.

என் அபிப்பிராயம் இதுதான்: பெரும்பாலான பிள்ளைகளுக்கு மண்டையில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். அந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் பார்ப்பதில்லை. பார்த்தால் பல பிழைகளைச் சில நாளிலேயே திருத்தலாம்.

முதலாம், இரண்டாம் தரங்களில் ஆங்கிலம் வாய்மொழியாக மட்டும் வருகிறது. மூன்றாம் தரத்தில் புத்தகம் கைக்கு வருகிறது. தொடக்கத்திலேயே இரண்டு விசயங்கள் வரும். ஒன்று, பெரியது, சின்னது, சிவப்பு, இனிப்பு போன்ற பெயரடைகள். மற்றது, எனக்கு எது விருப்பம், எது விருப்பமில்லை என்று சொல்வது. மேலே வரும் எல்லாப் பாடத்துக்கும் அத்திவாரம் இந்த இரண்டும்தான்.

யூடியூபில் இந்தப் பாடங்கள் ஏராளம். ஆனால் அவை யாரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை என்று பார்க்க வேண்டும். போர்த்துக்கேயம் பேசும் பிள்ளைகளுக்கான பாடத்தை எடுத்துக்கொள்வோம். அவர்களுக்குப் பொருள் முன்னே வரும், நிறமும் அளவும் பெரும்பாலும் பின்னே வரும். மொரோக்கோவின் கசபிளாங்கா நகரத்தை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். போர்த்துக்கேயர் அதற்கு வைத்த பெயர் 'காசா பிராங்கா'. காசா என்றால் வீடு, பிராங்கா என்றால் வெள்ளை. அறபியிலும் அதன் பெயர் 'தாருல் பைளா'தான், அதே வீடு, அதே வெள்ளை, அதே வரிசை. நம் பிள்ளைகள் மதரசாவில் சொல்லும் 'மஸ்ஜிதுல் அக்ஸா'வும் அப்படித்தான். முதலில் பள்ளிவாசல், பிறகுதான் தூரமானது.

ஆகவே ஒரு பிரேசில் நாட்டுப் பிள்ளை ஆங்கிலம் தொடங்கும்போது "ஹவுஸ் வைட்" என்று சொல்லக்கூடும். பல வீடுகள் என்றால் வெள்ளையையும் பன்மையாக்கி "வைட்ஸ்" என்றும் சொல்லும், ஏனென்றால் அதன் மொழியில் பெயரடையும் பெயரோடு சேர்ந்து மாறும். அந்தப் பிள்ளையின் ஆசிரியர் இந்த வரிசையைத் திருத்தத்தான் பல பாடவேளைகளைச் செலவழிப்பார்.

நம் பிள்ளைக்கு இந்தச் சிக்கலே இல்லை. 'வெள்ளை வீடு', 'வெள்ளை வீடுகள்' என்று தமிழ் சொல்கிறது. ஆங்கிலமும் அதே வரிசை. சிங்களமும் அதே வரிசை. நம் பிள்ளை தடுக்கி விழும் இடங்கள் வேறு. நான் வகுப்பில் திரும்பத் திரும்பக் காணும் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, 'இஸ்'. "வாப்பா உயரம்", "தேத்தண்ணி சூடு" என்று தமிழில் சொன்னால் வசனம் முடிந்துவிட்டது. பிள்ளையும் "டீ ஹொட்" என்று முடித்துவிடும். நடுவில் 'இஸ்' என்று ஒன்று வேண்டும் என்பதைத் தமிழ் அதற்குச் சொல்லித் தரவில்லை.

இரண்டாவது, விருப்பம். நாம் "எனக்கு மாம்பழம் விருப்பம்" என்கிறோம். 'நான்' இல்லை, 'எனக்கு'. 'விருப்பம்' வினைச்சொல்லும் இல்லை. ஆங்கிலத்தில் 'நான்' என்று தொடங்கி, 'லைக்' என்ற வினைச்சொல்லைப் போட வேண்டும். அதனால்தான் பிள்ளை "மீ லைக் மேங்கோ" என்கிறது. 'இஸ்', 'ஆம்' எல்லாம் படித்த பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று "ஐ ஆம் லைக் மேங்கோ" என்கிறது. போர்த்துக்கேயம் பேசும் பிள்ளை இதே இடத்தில் வேறு மாதிரிப் பிழை விடும். அதன் மொழியில் 'விரும்புகிறேன்' என்ற சொல்லுக்குப் பின் 'தெ' என்று ஒரு சின்னச் சொல் கட்டாயம் வரும். அது "ஐ லைக் ஆஃப் மேங்கோ" என்று சொல்லும்.

இதற்கு மருந்து நம் தெருவிலேயே இருக்கிறது. இங்கே அநேகப் பிள்ளைகளுக்குக் கடைச் சிங்களமாவது தெரியும். சிங்களத்தில் "மம அம்ப வலட்ட கெமதி" என்கிறோம். 'மம' என்றால் 'நான்'. ஆங்கிலமும் 'நான்' என்றுதான் தொடங்குகிறது என்று காட்டுங்கள். "மம" என்று தொடங்கும் இடத்தில் "ஐ" என்று தொடங்கு என்றால் 'மீ' போய்விடும்.

மூன்றாவது, 'விட'. இதில் பிழைத்தால் கருத்தே தலைகீழாகும். "மாட்டை விட யானை பெரிசு" என்ற தமிழில் மாடு முதலில் வருகிறது. பிள்ளை அதே வரிசையில் "கௌ பிகர் தேன் எலிபன்ட்" என்று எழுதுகிறது. மாடு யானையை விடப் பெரிதாகிவிட்டது! விருப்பத்திலும் இதே கதை. "கோப்பியை விடத் தேத்தண்ணி விருப்பம்" என்று நினைத்துக்கொண்டு, தேத்தண்ணியை விடக் கோப்பிதான் விருப்பம் என்று எழுதிவிடுகிறது. தமிழில் கடைசியில் வருவதை ஆங்கிலத்தில் முதலில் எடு என்று இரண்டு படம் கீறிக் காட்டினால் போதும்.

தாய்மொழியின் சாயல் அடுத்த மொழியில் விழுவது உலக வழமை. 1505இல் இங்கே வந்த போர்த்துக்கேயர் 1658இல் போய்விட்டார்கள். மேசை, கதிரை, அலுமாரி, சப்பாத்து எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள். அவர்கள் மொழியின் ஒரு வடிவத்தை மட்டக்களப்புப் பறங்கியர் தலைமுறை தலைமுறையாக வீட்டில் பேசி வந்தார்கள். தமிழுக்குப் பக்கத்தில் வாழ்ந்து வாழ்ந்து, அந்தப் போர்த்துக்கேயமே தமிழைப் போல வினைச்சொல்லை வசனத்தின் கடைசியில் வைக்கத் தொடங்கிவிட்டது. ஒரு மொழியையே தமிழ் வளைத்திருக்கிறது என்றால், எட்டு வயதுப் பிள்ளையின் ஒரு வசனம் வளைவதற்கு ஏன் அடிக்க வேண்டும்?

"ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் ஆங்கிலம் வராது" என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. பிள்ளை ஆங்கிலத்தைக் காதால் நிறையக் கேட்க வேண்டும், வாயால் நிறையப் பேச வேண்டும். பாடவேளை முழுவதும் தமிழில் விளக்கம் கொடுத்தால் அது நடக்காது. ஆனால் 'எனக்கு' எங்கே, 'ஐ' எங்கே என்று ஒரு நிமிடம் தமிழில் காட்டுவது, மீதி நேரத்தில் பிள்ளை துணிந்து பேச வழி விடுகிறது.

இன்னொரு விசயம் எனக்குப் பெரிய கவலை. 'எனக்கு விருப்பமான பழம்' என்று எழுதச் சொன்னால் கொப்பிக்குக் கொப்பி எப்பிள். ஏன் என்று கேட்டால், டியூஷனில் தந்த கட்டுரையில் அப்படித்தான் இருக்கிறது. வீட்டு முற்றத்தில் ஜம்பு மரம், பக்கத்து வளவில் றம்புட்டான், பிலா. எப்பிள் நோய் பார்க்கப் போகும்போது வாங்கிப்போகும் பழம். பிள்ளை ஆங்கிலத்தில் முதன்முதலாகத் தன் மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டிய இடத்தில், யாரோ ஒருவருடைய விருப்பத்தைப் பாடமாக்கி ஒப்புவிக்கிறது. மனதில் இல்லாத வசனம் பரீட்சை முடிந்ததும் போய்விடும்.

பெயரடை படிப்பிக்க மாத்தளையை விட வேறென்ன வேண்டும்? மிளகு உறைப்பு, கறுவாப்பட்டை வாசம், பச்சைப் பாக்கு துவர்ப்பு, ஏலம் சின்னது, சாதிக்காய் உருண்டை. ஒரு பிடி சாமானை மேசையில் வைத்தால் அரைவாசிப் பாடம் முடிந்தது. ஆங்கிலத்தில் சூட்டுக்கும் 'ஹொட்', உறைப்புக்கும் 'ஹொட்' என்று சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்ததை மறக்கமாட்டார்கள். 'மேங்கோ' என்ற சொல்லே நம் பக்கத்து மாங்காய் போர்த்துக்கேயர் வாய்வழி ஆங்கிலத்துக்குப் போனதுதான் என்றும் சொல்லுங்கள். அந்த மொழி அவ்வளவு அந்நியமில்லை என்று தெரியட்டும்.

ஏ9 வீதியோரம் உள்ள ஸ்பைஸ் கார்டன்களுக்கு வெளிநாட்டார் வருகிறார்கள். அங்கே வேலை செய்ய நினைக்கும் நம் இளைஞனுக்குத் தேவை இதே பெயரடைகள்தான்: இது எப்படி மணக்கும், எது கூடுதல் உறைப்பு, உங்களுக்கு எது விருப்பம். பாடமாக்கிய எப்பிள் கட்டுரை அங்கே உதவாது.

பெற்றாரிடம் இரண்டு வேண்டுகோள். பிள்ளை "மீ லைக்" என்றால் சிரிக்காதீர்கள், ராத்தா நாநாமாரையும் சிரிக்க விடாதீர்கள். சரியான வசனத்தை நீங்கள் ஒரு தடவை சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். அடுத்தது, இரவுச் சாப்பாட்டின்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "எது விருப்பம்? ஏன்?" தமிழில் கேட்டாலும் பரவாயில்லை. தன் விருப்பத்தைக் காரணத்தோடு வீட்டில் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு ஆங்கிலத்திலும் சொல்ல ஒரு விசயம் இருக்கும். சொற்களை நாங்கள் பாடசாலையில் கொடுக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.