பட்டறைப் பக்கம்: கழித்துவிட்ட லேத்துக்கு இன்னொரு வேலை

கணினி பூட்டிய மெசின் வந்து இறங்கியதும் பழைய லேத்தை இரும்பு விலைக்கு நிறுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதைக் கழற்றி லொறியில் ஏற்றுவது பெரும்பாலும் எம்மவர் கைகள்தான். அப்படிப் போகிறவற்றில் சில, குழல் வாத்தியம் செய்யும் பட்டறையில் இன்னும் பல வருடம் ஓடக்கூடியவை. அது எப்படி என்று இம்முறை பார்ப்போம்.

லேத்தின் படுக்கை எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தேய்வதில்லை. சக்குக்குக் கிட்டத்தான் வேலை அதிகம். அந்தப் பகுதிதான் முதலில் தேயும். இரும்புத் தண்டை நூறில் ஒரு மில்லிமீற்றர் கணக்கில் கடைபவருக்கு அது பெரிய குற்றம். மரக்குழலின் வெளிப்புறத்துக்கோ அது பொருட்டே அல்ல. காற்றின் ஈரத்துக்கு ஊதுவதும் சுருங்குவதுமாக மரம் அதைவிடக் கூடுதலாக அசையும். சுருதியைத் தீர்மானிப்பது உள்துளை. அந்தத் துளையின் கடைசி அளவு படுக்கையால் வருவதல்ல, ரீமரால் வருவது.

ஆகவே படுக்கையை விட, சக்கைத் தாங்கும் பேரிங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டயல் கேஜை வைத்து, ஒரு கட்டையால் சக்கை மேலே நெம்பினால் ஆட்டம் தெரிந்துவிடும். துரு நீக்க மண்ணெண்ணெயும் துணியும் பித்தளைச் சுரண்டியும் போதும். படுக்கையில் எமரிப் பேப்பர் போடக் கூடாது. அதன் மணல் இடுக்குகளில் ஏறி, மிச்சமிருக்கும் நேர்த்தியையும் தின்றுவிடும்.

அடுத்தது மின்சாரம். பழைய மோட்டருக்கு மூன்று பேஸ் வேண்டும். வீட்டில் இருப்பது ஒன்று. இதற்கு அதிர்வெண் மாற்றி என்ற பெட்டி கிடைக்கிறது. 230 வோல்ற் ஒற்றைப் பேஸை வாங்கி, அதே 230 வோல்ற்றில் மூன்று பேஸாகத் தரும். வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். மோட்டர்த் தகட்டில் 220/380 என்றிருந்தால் உள்ளிணைப்பை முக்கோணமாக மாற்றி ஓட்டலாம். 380/660 என்றிருந்தால் இந்தப் பெட்டி சரிவராது. இந்த வேலையை மின்தொழில் படித்தவரிடமே கொடுங்கள்.

இனி வாத்திய வேலைக்கு மெசினைத் திருப்புவது. குழல் செய்பவர்கள் துளையை முதலில் போட்டு, அந்தத் துளையையே நடுவாக வைத்துத்தான் வெளிப்புறத்தைக் கடைவார்கள். நீளத் துளை கோணாமல் போக, மரத்தைச் சுழலவிட்டுத் துளைக்கோலை நேரே தள்ள வேண்டும். மரத்தின் மறுமுனையை ஒரு தாங்கி வளையத்தில் பிடிக்க வேண்டும். துப்பாக்கிக் குழல் துளைக்கும் ஒற்றை விளிம்புக் கோல் இதற்கு நல்லது. அதன் வயிற்றில் உள்ள ஓட்டையால் காற்றை ஊதினால் தூள் வெளியே வந்துவிடும். முதலில் அளவுக்குச் சற்றுக் குறைவாகத் துளைத்து, மரத்தை மாதக்கணக்கில் ஆறவிட்டு, பிறகுதான் ரீமர் போடுவது முறை.

மரத்தூள் எண்ணெயோடு சேர்ந்தால் களிம்பாகி, ஈரத்தைப் பிடித்துப் படுக்கையைத் துருவாக்கும். மூடி வையுங்கள், தூளை உறிஞ்சி எடுங்கள். கருமரத் தூள் தோலுக்கும் மூச்சுக்கும் கூடாது. சுழலும் மெசினில் கையுறையும் நீளக் கையும் வேண்டவே வேண்டாம் என்பதை எம்மவருக்குச் சொல்லத் தேவையில்லை.

‘வாத்தியம் செய்வது எங்களுக்கு எட்டாத கலை’ என்று சிலர் நினைக்கலாம். ஜேர்மனியின் மார்க்நொயிகிர்ஷன் ஊர் வாத்தியத் தொழிலுக்குப் பேர் போனது. அங்கே 1677இல் வயலின் செய்பவர்களின் சங்கத்தைத் தொடங்கியவர்கள் 12 பேர். மத ஒடுக்குமுறையால் பொஹேமியாவை விட்டு ஓடிவந்த அகதிகள் அவர்கள். இன்றைய புல்லாங்குழலுக்கு வடிவம் கொடுத்த தியோபால்ட் போம், மியூனிக்கில் பொற்கொல்லர் தொழில் கற்றவர். 1847இல் அவர் கொண்டுவந்த உலோகக் குழலின் உள்விட்டம் 19 மில்லிமீற்றர். தலைப்பகுதி மட்டும் ஒடுங்கிப் போகும். வாத்தியத் தொழில் பட்டறைக்காரர் கையில் வளர்ந்த தொழில்தான்.

எங்களுக்கும் இதில் ஒரு தேவை இருக்கிறது. கோயில்களில் வாசிக்கும் நாதஸ்வரங்களில் பேர்பெற்றவை தஞ்சாவூர் மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையப்படுபவை. 2022இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வரும், நன்றாக ஆறிய மரத்தைத்தான் அங்கே தேடி எடுப்பார்கள். அப்படிப்பட்ட மரமும் இங்கத்தைய குளிர்கால ஹீட்டர் காய்ச்சலில் வெடிக்கலாம். வெடித்த குழலுக்குப் பித்தளை வளையம் ஒன்றை அளவாகக் கடைந்து இறுக்க, இப்படியொரு லேத்தும் அளவு தெரிந்த ஒரு கையும் போதும். அந்தக் கை எங்களிடம் இருக்கிறது. பத்து மணித்தியாலம் நின்று பழகிய கை அது. சம்பளத் துண்டில் ‘உதவியாள்’ என்று எழுதிவிட்டதால் அந்தப் பழக்கம் இல்லாமல் போய்விடாது.

உங்கள் தொழிற்சாலையில் ஒரு லேத் கழிபடப் போகிறதென்றால், லொறி வரும் முன்பே போர்மனிடம் கேளுங்கள். பேரிங், மோட்டர்த் தகடு, சேர்ந்திருக்க வேண்டிய பற்சக்கரங்கள் மூன்றையும் பாருங்கள். இலவசமாகத் தந்தாலும், தந்ததாக ஒரு கடதாசியில் எழுதி வாங்கிக்கொண்டே வெளியே எடுங்கள்.