அரசு தராத நம்பிக்கை

சமயம் வளர்வதற்கு அரசின் ஆதரவு இன்றியமையாதது என்பது வரலாறு கற்றார் பலரின் துணிபு. மன்னன் எவ்வழி, மக்கள் அவ்வழி என்று பழமொழியும் துணைக்கு வரும். இத்துணிபு முற்றும் பொய்யன்று. ஆயினும், அரசின் நிழலில் வளர்வது சமயத்தின் புறவடிவமேயன்றி அதன் உயிராகிய நம்பிக்கை அன்று என்பது என் கருத்து. இதற்கு நான் காட்டும் சான்று, இம்மண்ணிலே வாழ்ந்து மறைந்த யோசேவாஸ் முனிவரின் வாழ்க்கை.

போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்க சமயம் ஈழத்துக்கு ஆட்சியின் துணையோடு வந்தது. 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டதை யாழ்ப்பாணத்தார் மறந்திலர். அன்பினால் மதம் மாறியோரும் இருந்தனர். அச்சத்தாலும் ஆதாயம் கருதியும் மாறியோரும் இருந்தனர். யார் எவர் என்று அன்று பிரித்தறிதல் அரிது. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. புரட்டஸ்தாந்தராகிய அவர்கள் கத்தோலிக்கக் குருமாரை நாடு கடத்தினர், கோயில்களைத் தமதாக்கினர், குருமாருக்குப் புகலிடம் கொடுத்தலையும் குற்றமாக்கினர். சைவரும் தம் வழிபாட்டை வீட்டின் மறைவிலேயே நிகழ்த்தினர். நேற்று ஒடுக்கிய சமயமும் ஒடுக்கப்பட்ட சமயமும் இன்று ஒரே இருளில் ஒளிந்திருந்தன. காலத்தின் நீதி இவ்வாறும் அமைவதுண்டு!

அந்த இருளுக்குள்ளேதான் யோசேவாஸ் வந்தார். 1651 இல் கோவாவில் கொங்கணி அந்தணர் குடும்பமொன்றிற் பிறந்து, 1676 இல் குருப்பட்டம் பெற்றவர் அவர். குருவானவர் ஒருவருமின்றி ஈழத்துக் கத்தோலிக்கர் தவிக்கின்றனர் என்று கேள்வியுற்று, 1687 இல் ஏழைக் கூலியாள் வேடத்திற் கடல் கடந்தார். மன்னாரில் இறங்கி யாழ்ப்பாணம் சேர்ந்தபோது வயிற்றுளைவு நோய் அவரை வீழ்த்தியது. ஏழைப்பெண் ஒருத்தி வார்த்த கஞ்சியே அவர் உயிரைத் தாங்கியது என்று வரலாறு எழுதினோர் கூறுவர். பின்னர்க் கழுத்திலே செபமாலையுடன் வீடுவீடாகப் பிச்சைக்குச் சென்றார். அந்த மாலையைக் கண்டு எவர் முகம் மலர்கின்றது என்று பார்த்தே தம்மவரை இனங்கண்டார். சில்லாலை அவருக்கு மறைவிடமாயிற்று.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். பிச்சைக்காரராக வந்த அக்குரு தம்மை நாடியோருக்குக் கொடுக்கக்கூடியது யாது? பதவியா, நிலமா, பாதுகாப்பா? ஒன்றுமில்லை. அவரை நாடுதல் சிறையை நாடுதலாகும். 1689 இல் கிறிஸ்து பிறப்பு இரவு வழிபாட்டுக்குக் கூடியிருந்தோரை ஒல்லாந்தப் படைவீரர் வளைத்துக் கைதுசெய்தனர். முனிவர் தப்பினார், பிடிபட்டோர் துன்புற்றனர். எனினும் மக்கள் வருவது நிற்கவில்லை. ஆதாயம் அனைத்தும் உதிர்ந்தபின் எஞ்சி நின்றது எதுவோ, அதுவே நம்பிக்கை. அரசின் ஆதரவு இருந்த காலத்தில் எவராலும் பிரித்தறிய முடியாதிருந்ததை அடக்குமுறை பிரித்துக் காட்டிற்று.

1692 இல் அவர் கண்டியை அடைந்தார். போர்த்துக்கேயரின் ஒற்றன் என்ற ஐயத்தின்பேரில் ஆங்கும் சிறையே கிடைத்தது. ஆயினும் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் நாளடைவில் அவரை அறிந்து, தன் நாட்டிலே தொண்டு செய்ய இசைந்தான். அம்மன்னன் புத்த சமயத்திற் பற்றற்றவன் அல்லன். பௌத்த சங்கத்தைப் புதுப்பிக்க அரக்கானிலிருந்து பிக்குமாரை வருவித்தவன். கிறிஸ்தவர் மறுத்த உரிமையைப் பௌத்தன் அளித்தான்!

வறட்சிக் காலத்தில் முனிவர் செபித்தபோது மழை பொழிந்தது என்பர். பக்தர்கள் அவ்வற்புதத்தையே பெரிதும் போற்றுவர். அதை நான் மறுக்க வரவில்லை. ஆனால் 1697 இல் கண்டியில் வைசூரி பரவியபோது நிகழ்ந்ததே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. நோயுற்றோரை உற்றாரே கைவிட்டு ஓடினர். யோசேவாஸ் ஓடவில்லை. கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்று, புண்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார். அவருள் பெரும்பாலோர் பௌத்தர். மழையைத் தருவது இறைவன் செயல். பிறர் புண்ணைத் தொடுவது மனிதன் செய்யவேண்டிய செயல். நம்பிக்கையின் அளவுகோல் இரண்டாவதே.

எல்லாச் சமயமும் ஒன்றே என்று கருதுவோரே பிறரை நேசிக்க வல்லவர் என்பது இக்காலத்தில் பலர் கூறும் கூற்று. யோசேவாஸ் அவ்வாறு கருதியவர் அல்லர். தம் சமயமே மெய்யென்று உறுதியாக நம்பினார். பிறரை அதன்பால் அழைக்கவும் செய்தார். அவ்வுறுதி அவர் கைகளைக் கட்டிவிடவில்லை. தன் நம்பிக்கையில் ஐயமற்றவனுக்கு அயலானின் நம்பிக்கை அச்சந் தருவதில்லை. உள்ளே வலுவிழந்த நம்பிக்கையே சட்டத்தின் ஏட்டையும் கூட்டத்தின் எண்ணிக்கையையும் தேடி அலைகின்றது. சமயங்கள் பல ஒருங்கு வாழும் நம் நாட்டில் இதை உணரவேண்டியவர் ஒரு சமயத்தார் மட்டும் அல்லர்.

ஏறக்குறைய இருபத்துநான்கு ஆண்டுகள் இத்தீவை விட்டு நீங்காது உழைத்த முனிவர், 1711 ஜனவரி 16 இல் கண்டியிற் காலமானார். 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். எனினும் அவர் உடல் அடக்கப்பெற்ற இடம் இதுவென்று உறுதியாகக் காட்ட எவராலும் இயலவில்லை. கல்லறைகூட எஞ்சாத அம்மனிதரின் வரலாற்றைச் சமயபாட ஆசிரியர்கள் மாணவருக்குக் கூறும்போது, மழையின் கதையோடு வைசூரியின் கதையையும் மறவாது கூறுவாராக.