டையின் ஆயுள் அதன் மேல்தோலில்

அலுமினிய டை காஸ்டிங்கில் 650 டிகிரியைத் தாண்டிய உருகிய உலோகம் அழுத்தத்தோடு டை எனும் எஃகு அச்சுக்குள் பாய்கிறது. வார்ப்பு வெளியே வந்த உடனேயே அதே பரப்பின்மீது குளிர்ந்த கலவை தெளிக்கப்படுகிறது. சூடும் குளிரும் ஓயாமல் மாறி மாறித் தாக்குவதால் பரப்பில் வலைபோல மயிரிழை விரிசல்கள் விழுகின்றன. அலுமினியமும் எஃகில் ஒட்டிக்கொள்கிறது. டை பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது. ஆழத்திலுள்ள எச்-13 எஃகு அப்போதும் நல்ல நிலையில்தான் இருக்கும். தோல் கெட்டதற்காகக் குரோமியமும் மாலிப்டினமும் வனேடியமும் கலந்த கட்டி முழுவதையும் கழித்துக்கட்டுவது பெரும் விரயம். லேசர் கலப்பு முறை இந்தத் தோலையே மாற்றியமைக்கிறது. லேசர் கற்றை பரப்பை மெல்லிதாக உருக்க, அந்தக் குழம்பில் டங்ஸ்டன் கார்பைடு, டைட்டானியம் கார்பைடு போன்ற தூள் கலக்கிறது. கற்றை நகர்ந்ததும் அடியிலுள்ள குளிர்ந்த எஃகு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால், உருகியது நொடிப்பொழுதில் நுண்ணிய மணிகளாக உறைகிறது. புதிய அடுக்கு எஃகோடு உருகி இணைந்திருப்பதால் எளிதில் உரிந்துவராது.

டைட்டானியம் நைட்ரைடு பூச்சு இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். அந்தப் பூச்சு மிகக் கடினமானது, ஆனால் சில மைக்ரான் தடிமன்தான். அடியிலுள்ள எஃகு அழுந்தினால் அதுவும் நொறுங்கிவிடும். லேசர் அடுக்கோ மில்லிமீட்டர் அளவுக்கு ஆழம் போகும். மற்றொரு வழியான ஹார்டு குரோம் முலாமோ ஆறு இணைதிறன் குரோமியத்தைச் சார்ந்தது. புற்றுநோய் தரும் இந்தப் பொருளால் முலாம் தொட்டியருகே நிற்கும் தொழிலாளியின் நுரையீரலுக்கே ஆபத்து. முலாமுக்கு வேண்டிய குரோமியம் டிரையாக்சைடை 2017 செப்டம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி அனுமதியில்லாமல் பயன்படுத்த முடியாது. எனக்கு இந்தக் காரணம் ஒன்றே போதும்.

இன்னும் வலுவான ஆட்சேபம், லேசர் அடுக்கிலேயே விரிசல் விழுகிறதே என்பது. உண்மைதான். வேகமாக உறையும்போது உள்ளிழுவிசை தேங்குகிறது. கார்பைடை அள்ளிப்போட்டால் தேய்மானம் குறையலாம், ஆனால் வெப்பத்தாக்குதலில் அடுக்கு வெடிக்கும். டையை முன்கூட்டியே சூடேற்றுவதும், அது எதனால் கெடுகிறது என்று பார்த்துத் தூளைத் தேர்வதும் இதைக் கட்டுப்படுத்தும். இயந்திரத்தின் விலையும் அம்பத்தூரிலோ கோவையிலோ உள்ள சிறு டூல் ரூமுக்குத் தனியாக எட்டாது. அதனால்தான் மத்திய அரசின் சிறுதொழில் தொகுப்பு வளர்ச்சித் திட்டத்தில், பொது வசதி மையங்களுக்குக் கிடைக்கும் உதவியை இதற்குக் கேட்டுப் பெற வேண்டும். ஹைதராபாத்தின் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வகத்தில் லேசர் செயல்முறைக்கென்றே தனி மையம் இருப்பதால், தொழில்நுட்பத் துணைக்கு வெளிநாட்டை எதிர்பார்த்து நிற்கவும் வேண்டியதில்லை. முதல் வேலையாக, அந்தப் பொது மையம் அதிகம் தேயும் சில டைகளில் மட்டும் சோதித்து, எத்தனை வார்ப்புகள் கூடுதலாகக் கிடைத்தன என்ற கணக்கை எல்லாப் பட்டறைகளுக்கும் தெரியும்படி வெளியிடட்டும்.