கிழக்கே போகும் விமானம்

போன ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகன் போன மாதம்தான் வேலை கிடைத்து சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு டெல்லி வழியாகப் போயிருக்கிறான்.

"டெல்லியிலேருந்து அது எவ்ளோ தூரம்டா?" என்றாள், காபியை வைத்தபடி.

இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கும் ரகம் நான். மேஜையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து (பூமி உருண்டையல்லவா!) பேனாவால் இரண்டு புள்ளி வைத்தேன்.

"குறுக்கே வடதுருவத்துப் பக்கமா போனா சுமார் 12,400 கிலோமீட்டர். ஆனா..."

அந்த 'ஆனா'வில்தான் விஷயமே இருக்கிறது. டெல்லி - சான்ஃபிரான்சிஸ்கோ ஏர் இந்தியா விமானம் முதலில் மேற்கே, அட்லாண்டிக் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் திசையை மாற்றி, கிழக்கே பசிபிக் வழியாக ஓட்டிப் பார்த்தார்கள். 15,300 கி.மீ. அதாவது 1,400 கி.மீ. அதிகம். போய்ச் சேர்ந்ததோ பதினாலரை மணி நேரத்தில். பழைய வழியைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சீக்கிரம்!

"சுத்திப் போனா எப்படிடா சீக்கிரம் போகும்?"

எல்லாம் காற்று செய்யும் வேலை. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு மாதிரி ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்று பெயர். விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து காற்று 150 தள்ளினால் 1,050. இந்த வேகத்தில் 15,300 கி.மீ.யைக் கடக்க பதினாலரை மணி. அதே காற்று எதிரே 50 வேகத்தில் வந்தால் 850தான். 13,900 கி.மீ.க்குப் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். மெரீனா பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"இதைக் கேளுங்க பெரியம்மா. அக்டோபர்ல அவங்க கடிகாரம் நமக்குப் பன்னிரண்டரை மணி பின்னாடி. ஞாயித்துக்கிழமை விடியக்காலம் நாலு மணிக்கு டெல்லியில ஏறினா, பதினாலரை மணி நேரம் பறந்து, அதே ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு அங்கே இறங்கலாம். ரெண்டே மணி நேரம்!"

பெரியம்மா சிரிக்கவில்லை. சாத்துக்குடியை வாங்கி மெதுவாக உருட்டிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணுன்னா, அவன் அங்கேருந்து வர எவ்ளோ நேரமாகும்?"

கொடுத்ததையெல்லாம் கடிகாரம் வட்டியோடு பிடுங்கிக்கொள்ளும் திசை அது. அங்கே ஞாயிறு காலை பத்து மணிக்குக் கிளம்பிப் பதினாறு மணி நேரம் பறந்தால், டெல்லியில் திங்கள் மதியம் இரண்டரை. அதற்குப் பிறகு சென்னை விமானம். மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை.

"எப்படியும் ஒரு நாள்ல வந்துடலாம் பெரியம்மா..."

"பரவால்லையே! மாம்பலத்துலேருந்து இங்கே வர உனக்கு எட்டு மாசம் ஆச்சே?"

எலெக்ட்ரிக் ட்ரெயினில் முக்கால் மணி நேரம். எதிர்க்காற்று என்று சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் பெரியம்மா, பூமியை இரண்டாக வெட்டிப் பிழிந்து, சர்க்கரை போட்டு, டம்ளரில் என்னிடம் நீட்டினாள்.