முறை வைத்துக் காக்கும் ஊர்

இரவு பத்து மணிக்கு மேல். ஜாவாத் தீவின் தென்பகுதியில், பந்துல் மாவட்டத்துக் கிராமம் ஒன்று. தெருமுனையில் உள்ள சின்ன மேடைக்கு ஐந்தாறு ஆண்கள் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். கைலி, தோளில் ஒரு துண்டு, கையில் டார்ச். கூரையின் கீழ் ஒரு 'கெந்தோங்கான்' தொங்குகிறது. மூங்கிலையோ மரத்தண்டையோ குடைந்து, நீளவாக்கில் பிளவு விட்டுச் செய்த தட்டு கருவி அது. ஆறிக்கொண்டிருக்கும் தேநீரைக் குடித்துவிட்டு இரண்டு பேர் மேடையில் இருக்க, மற்றவர்கள் கிளம்புகிறார்கள்.

ஒவ்வொரு வீட்டுத் திண்ணைத் தூணிலும் ஒரு சின்ன டப்பா மாட்டியிருக்கும். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்காரம்மா அதில் ஒரு கிள்ளு அரிசி போட்டு வைத்திருப்பார். சுற்றி வருபவர்கள் அதைப் பையில் கொட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள். இதற்கு 'ஜிம்பிதான்' என்று பெயர். விரல்நுனியால் கிள்ளி எடுக்கும் அளவு என்று பொருள். பல ஊர்களில் இப்போது அரிசிக்குப் பதில் ஐந்நூறு ரூப்பியா நாணயம் போடுகிறார்கள். சேரும் பணம் தெருவிளக்குக்கும் நோயாளிக்கும் இறப்பு வீட்டுச் செலவுக்கும் போகிறது.

ஒரு கிள்ளு அரிசியின் மதிப்பு சொற்பம்தான். ஆனால் அதை எடுப்பதற்காக ஒவ்வொரு வாசலுக்கும் ஒவ்வோர் இரவும் ஒருவர் போயாக வேண்டும். கதவு திறந்து கிடந்தால் தெரியும். கொட்டிலில் மாடு இல்லாவிட்டால் தெரியும். தனியாக இருக்கும் மூதாட்டியின் டப்பா இரண்டு நாள் காலியாக இருந்தால், காலையில் யாராவது போய்க் கதவைத் தட்டுவார்கள். காவல், ஈகை, நலம் விசாரிப்பு மூன்றும் அந்த ஒரு டப்பாவுக்குள் இருக்கின்றன.

இந்தோனேசியாவில் கிராமத்துக்கு 'தேசா' என்று பெயர். தேசம் என்று நாம் நாட்டைச் சொல்கிறோம். அவர்கள் ஊரைச் சொல்கிறார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தேசாக்கள் அந்நாட்டில் உண்டு. காவல் நிலையமோ பல ஊர்களைக் கொண்ட வட்டத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. நள்ளிரவில் தீப்பிடித்தாலும் மண் சரிந்தாலும் முதலில் வந்து நிற்பவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். அதனால்தான் அங்கே ஊர்க்காவல் ஊராரின் வேலையாகவே இருந்து வந்திருக்கிறது. நம் 'ரோந்து' என்ற சொல்லுக்கு உறவான 'ரோண்டா' என்ற பெயரில் அது வழங்குகிறது. 1980களில் அரசு அதற்கு 'சிஸ்காம்லிங்' என்று அதிகாரபூர்வமான வடிவமும் கொடுத்தது.

தமிழில் 'முறை' என்ற சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. "இன்று என் முறை" என்றால் சுற்று. "அவர் உங்களுக்கு என்ன முறை?" என்றால் உறவு. "முறை செய்தான்" என்றால் நீதி. ஜாவாவின் ஊர்க்காவலைப் பார்க்கும்போது, அது இந்த மூன்று கால்களின்மேல் நிற்பது தெரிகிறது. மூன்றில் எது ஒடிந்தாலும் காவல் சாய்ந்துவிடும்.

முதலில் சுற்று. இன்று மேடைக்கு வருகிறவர்கள் குறைந்து வருகிறார்கள். இளைஞர்கள் ஜகார்த்தாவுக்கும் மலேசியாவுக்கும் தைவானுக்கும் ஹாங்காங்குக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த ஓட்டு வீடுகள் ஆண்டில் பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கின்றன. வசதியுள்ளவர்கள் வராத இரவுக்கு அபராதம் கட்டிவிட்டுத் தூங்குகிறார்கள். இதனால் பாரம் முழுவதும் பகலில் வயலில் உழைத்துக் களைத்தவர்மேல் விழுகிறது. காக்க வேண்டிய பொருள் அதிகம் உள்ள வீடு பணத்தோடு ஒதுங்கிக்கொள்ள, ஒன்றும் இல்லாதவர் விழித்திருப்பது எந்த நியாயம்? அபராதம் தவறியவரைத் திருத்துவதற்காக வந்தது. கடமையிலிருந்து விடுபடும் விலையாக அது மாறும் நாளில் ரோண்டா பாதி செத்துவிடுகிறது.

அடுத்து உறவு. ஜாவானியரிடம் ஒரு பழமொழி உண்டு: மதில் வேலியைவிடக் கிண்ண வேலி மேல். பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தில் கறியும் சோறும் கொடுத்து வாங்கும் பழக்கம், எந்தக் கல்மதிலையும்விட வீட்டைப் பத்திரமாகக் காக்கும் என்பது கருத்து. சொத்தைப் பற்றிய ஆழமான உண்மை இதில் இருக்கிறது. நிலத்தை எடுத்துக்கொள்வோம். தலைமுறைகளாகப் பல குடும்பங்களின் வயலுக்கு ஊர்ப் பதிவேட்டு வரியும் அண்டை வீட்டாரின் நினைவும்தான் ஆதாரம். 2017 முதல் அரசு ஊர் ஊராக நிலம் அளந்து பட்டா வழங்கி வருகிறது. 2023 பிப்ரவரியில் பத்து லட்சம் எல்லைக் குறிகள் நடும் இயக்கத்தையும் நடத்தியது. அளக்க வரும் அதிகாரியிடம் எவ்வளவு நவீனக் கருவி இருந்தாலும், எல்லை இதுதான் என்று இரண்டு பக்கத்து நிலக்காரர்களும் ஒப்ப வேண்டும். கையில் வரும் காகிதத்துக்கு உயிர் கொடுப்பது அண்டை வீட்டாரின் சம்மதம்.

மாடும் அப்படித்தான். ஜாவானிய மொழியில் கால்நடைக்கு 'ராஜகாயா' என்று பெயர். செல்வத்தின் அரசன் என்று விரித்துக்கொள்ளலாம். பழந்தமிழில் மாடு என்றாலே செல்வம் என்று பொருள் இருந்ததை நினைத்தால், அந்த ஊர்க்காரரின் மனசு நமக்குப் புரியும். பிள்ளையின் படிப்பும் மகளின் கல்யாணமும் அந்தக் கொட்டிலில்தான் நிற்கின்றன. யோக்யகர்த்தாப் பகுதியில் பல ஊர்கள் மாடுகளை வீட்டுக்கு வீடு கட்டாமல், பொதுக் கொட்டிலில் சேர்த்துக் கட்டி, முறை போட்டுக் காவல் இருக்கின்றன. தனித்தனியாக இருந்தால் ஒவ்வொருவரும் தினமும் கண்விழிக்க வேண்டும். சேர்ந்திருப்பதால் மற்ற இரவுகளில் நிம்மதியாகத் தூங்கலாம்.

உயிரைக் காப்பதிலும் இந்த உறவின் பலன் கண்கூடு. 2006 மே 27 அன்று, காலை ஆறு மணிக்குச் சற்று முன் வந்த நிலநடுக்கம் பந்துல் மாவட்டத்தைத் தரைமட்டமாக்கியது. 5,700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் வீடுகள் அடியோடு இடிந்தன. மீட்டுக் கட்டும்போது பணத்தை ஒப்பந்தக்காரரிடம் கொடுக்காமல், பத்துப் பதினைந்து குடும்பங்கள் கொண்ட குழுக்களிடம் கொடுத்தார்கள். யார் வீடு முதலில், யார் வீடு பிறகு என்று குழுவே உட்கார்ந்து பேசி முடிவு செய்தது. கட்டுமானமும் வேகமாக நடந்தது.

சுமத்ராவுக்கு மேற்கே உள்ள சிமெலுவே தீவு இன்னும் பெரிய சான்று. 1907இல் அங்கே பேரலை வந்து ஏராளமானோர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்து, நிலம் பலமாக ஆடிக் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று தாலாட்டிலும் கதையிலும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று, நாகப்பட்டினத்தை அழித்த அதே ஆழிப்பேரலை, அச்சே மாகாணத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. மையத்துக்கு மிக அருகில் இருந்த சிமெலுவேயில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களில் இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே. எந்தக் கருவியும் அங்கே ஒலிக்கவில்லை. ஒருவர் கத்த, அனைவரும் நம்பி ஓடினார்கள். அந்த நம்பிக்கை தொண்ணூற்றேழு ஆண்டுகள் பாட்டி பேரனுக்குச் சொல்லிச் சொல்லி வளர்ந்தது.

மூன்றாவது நீதி. இங்கேதான் நாம் தயங்காமல் பேச வேண்டும். 2024 ஜூனில் மத்திய ஜாவாவின் பாத்தி மாவட்டம், சுகோலிலோ பகுதியில் ஒரு கொடுமை நடந்தது. வாடகைக்கு விட்ட தன் சொந்தக் காரை மீட்டுப்போக ஜகார்த்தாவிலிருந்து வந்தவரைக் கார்த் திருடன் என்று யாரோ கூவ, ஊர் திரண்டு அடித்தே கொன்றுவிட்டது. கூட வந்த மூன்று பேர் படுகாயம் அடைந்தார்கள். 1998இல் கிழக்கு ஜாவாவின் பன்யுவாங்கி வட்டாரத்தில் சூனியக்காரர் என்ற பழியின்பேரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அச்சத்தில் விழித்திருந்த ஊர்கள் வழிப்போக்கரையும் மனநலம் குன்றியவரையும்கூட விட்டுவைக்கவில்லை. ஊரைக் கூட்டும் ஒரே குரல்தான் சிமெலுவேயில் உயிர்களைக் காத்தது. பாத்தியில் ஓர் உயிரைப் பறித்தது. கூடுகிற கூட்டத்துக்கு முன்கூட்டியே ஒரு கட்டுப்பாடு இருந்ததா என்பதுதான் வித்தியாசம்.

அக்கறை வேவு பார்ப்பதாக மாறும் ஆபத்தும் உண்டு. இன்று இந்தோனேசியாவில் ஒவ்வொரு தெருவையும் இணைக்கும் 'ருக்குன் தெத்தாங்கா' என்ற அண்டையர் அமைப்பின் வேர், 1944இல் ஜப்பானிய ஆக்கிரமிப்பு அரசு ஜாவாவில் புகுத்திய தோனாரிகுமி முறையில் இருக்கிறது. மக்களைப் போருக்குத் திரட்டவும் கண்காணிக்கவும் வந்த ஏற்பாடு அது. பல ஊர்களின் நுழைவாயிலில், வந்து தங்கும் விருந்தினர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று இன்றும் பலகை நிற்கிறது. அந்தப் பலகை அந்நியரை வரவேற்று விசாரிப்பதற்கா, சந்தேகித்து விரட்டுவதற்கா என்பதை ஊர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முடிவு செய்யும் வழியும் அவர்களிடமே உண்டு. அதற்கு 'முஷாவரா' என்று பெயர். தமிழ் முஸ்லிம்கள் 'மஷூரா' என்று சொல்வதும் இதே அரபு வேர்ச்சொல்தான். வாக்கெடுத்து வெல்லாமல், எல்லோரும் ஒப்பும்வரை பேசித் தீர்ப்பது அதன் மரபு. 1945 ஜூன் 1 உரையில் விடுதலைத் தலைவர் சுகர்னோ நாட்டின் ஐந்து கொள்கைகளையும் பிழிந்தால் கிடைப்பது 'கோத்தோங் ரோயோங்' என்ற கூட்டுழைப்பு என்றார். 2014ஆம் ஆண்டின் கிராமச் சட்டம் ஊர்க்கூட்டத்துக்குச் சட்டத் தகுதி தந்தது. மறு ஆண்டு முதல் மத்திய நிதி நேரடியாக ஊர்களுக்கு வருகிறது.

ஆகவே ஊர்க்கூட்டத்தில் பேச வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. வெளிநாட்டில் இருப்பவர்கள் விளக்குக்கும் கேமராவுக்கும் பங்கு தரட்டும்; பெருநாளுக்கு ஊர் திரும்பும்போது ஓரிரு இரவாவது மேடையில் உட்காரட்டும். வசதியானவர் அபராதம் கட்டித் தப்பும் வழியை ஊர் மூடட்டும். பத்துப் பதினைந்து வீடுகளுக்கு ஒன்றாக இயங்கும் பெண்களின் 'தசவிஸ்மா' குழுக்களுக்குக் கர்ப்பிணி யார், நோயாளி யார், தனியாக இருக்கும் முதியவர் யார் என்பது தெரியும். காவல் பற்றிய பேச்சில் அவர்கள் முன்வரிசையில் இருக்கட்டும். ஊருக்கென நியமிக்கப்பட்ட காவலர் கூப்பிட்டால் வருபவராக இருக்கட்டும், ஏனென்றால் காவல்துறைமேல் நம்பிக்கை இழந்த ஊர்தான் தன் கையை ஓங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி எழுதப்படட்டும்: பிடிபட்டவர் யாராயினும் அவர்மேல் ஒரு கையும் படக்கூடாது. ரோண்டாவின் வேலை பிடித்து ஒப்படைப்பதோடு முடிகிறது.

கெந்தோங்கானுக்குப் பல ஊர்களில் ஒரு மொழி உண்டு. இறப்புக்கு ஒரு தட்டு, திருட்டுக்கு இரண்டு, தீக்கு மூன்று என்று கணக்கு. எல்லாம் நலம் என்று சொல்லவும் தனித் தட்டு இருக்கிறது. படுக்கையில் கிடப்பவர் அதைக் கேட்டுப் புரண்டு படுத்துத் தூங்குவார், நாளை இரவு தட்டப் போவது தன் கை என்ற நினைவோடு. அந்த நினைவு எல்லா வீட்டுக்கும் பொதுவாக இருக்கும்வரை ஊருக்கு வேறு மதில் வேண்டாம்.